மீட்டெடுத்த நிரல் அசையவில்லை: ஒரு கிரியு பழுதுபார்ப்புப் பதிவு

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இருந்த இடத்திலேயே உறைய வைத்து, அதன் நினைவகம், திறந்திருக்கும் கோப்புகள், சிபியு பதிவகங்கள் அனைத்தையும் வட்டில் எழுதி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்யும் கருவி கிரியு. பாவெல் எமெல்யானோவ் 2011-இல் தொடங்கிய திட்டம் இது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் பெரிய மாற்றம் செய்யாமல், பெரும்பகுதி வேலையை அதற்கு வெளியே, பயனர் தளத்திலேயே முடித்துக்கொள்வதுதான் இதன் சிறப்பு. தனித்து இயங்கும் நிரல் தொகுப்புகளான கன்டெய்னர்களை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்றுவதற்கே இதைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது அதைவிட எளிய ஒன்றுக்கு: பராமரிப்புக்காக ஒரு பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வந்திருந்தது. யூபிஎஸ் அரை மணி நேரம்தான் தாங்கும்.

நிரல் நண்பருடையது. மழைமானிகளிலிருந்தும் கிணறுகளில் பொருத்திய நீர்மட்ட மானிகளிலிருந்தும் ஒரு கோப்புறையில் வந்து விழும் பதிவுகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, ஒரு மதிப்பீட்டு வடிகட்டிக்குள் செலுத்தும் பைத்தான் நிரல். வாரக்கணக்கில் ஓட ஓட அதன் மதிப்பீடு மெருகேறும். அந்த மெருகு முழுவதும் நினைவகத்தில், ஏறத்தாழ 6 ஜிபி அளவில் இருந்தது. நிலையைக் கோப்பில் சேமிக்கும் வசதியை அவர் இன்னும் எழுதவில்லை. ஆராய்ச்சிக்காக எழுதப்படும் நிரல்களில் இது சகஜம். முதலில் கணக்கு சரியாக வர வேண்டும், மற்றவை பிறகு. ஆகவே நிரலைத் தொடாமல் வெளியிலிருந்து காப்பாற்றுவதே வழி என்று கிரியுவை எடுத்தேன்.

கணினியில் டெபியன் 10 லினக்ஸ், கெர்னல் 4.19. கிரியுவின் புதிய பதிப்பொன்றை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவியிருந்தேன். நிரல் முனையத்தோடு ஒட்டாமல் தனி அமர்வில், வெளியீடு பதிவுக் கோப்புக்குப் போகும்படி தொடங்கப்பட்டிருந்ததால் முனையச் சிக்கல் எதுவும் இல்லை. உறைய வைப்பதற்கு முன் அந்தப் பதிவுக் கோப்பைச் சுழற்றும் தானியங்கி வேலையை நிறுத்தி வைத்தேன். இது முக்கியம். மீட்டெடுக்கும்போது, நிரல் திறந்து வைத்திருந்த ஒவ்வொரு கோப்பின் அளவும் உறைய வைத்த நேரத்தில் இருந்ததுபோலவே இருக்கிறதா என்று கிரியு பார்க்கும். ஒரு பைட் மாறியிருந்தாலும் மறுத்துவிடும். மறுப்பதே நல்லது, நிரல் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அடியில் மாறியிருந்தால் பிறகு நடப்பதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

உறைய வைத்தல் சிக்கலின்றி முடிந்தது. சேமித்த கோப்புகளை இன்னொரு வட்டிலும் நகலெடுத்துவிட்டுக் கணினியை அணைத்தேன். மாலையில் மின்சாரம் வந்ததும் இயக்கி, மற்ற சேவைகள் நிலைபெற்ற பிறகு மீட்டெடுக்கும் கட்டளையைக் கொடுத்தேன். கிரியுவின் பதிவு, வெற்றிகரமாக முடிந்தது என்றது. ஓடும் நிரலை லினக்ஸில் செயல்முறை என்பார்கள்; அது பழைய எண்ணுடனே பட்டியலில் இருந்தது. நினைவகமும் அதே 6 ஜிபி.

5 நிமிடம் ஆயிற்று. பதிவுக் கோப்பில் புதிய வரி இல்லை. 10 நிமிடம் ஆயிற்று. பகல் முழுக்கத் தம் பேட்டரியில் ஓடிய மானிகள் சேர்த்து வைத்திருந்த பதிவுகளை அனுப்பத் தொடங்கியிருந்தன. கோப்புறையில் அவை குவிந்துகொண்டே போயின. நிரல் ஒன்றையும் தொடவில்லை.

இந்த இடத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, கொன்றுவிட்டு மறுபடி மீட்டெடுக்கலாம் என்பது. மீட்டெடுப்பதால் சேமித்த கோப்புகள் தீர்ந்துபோவதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். ஆனால் அசையாமல் நிற்கும் செயல்முறை எதற்காகக் காத்திருக்கிறது என்ற தகவல் அதற்குள்ளேதான் இருக்கிறது. கொன்றால் அந்தத் தடயம் போய்விடும். அடுத்த முயற்சியும் அதே இடத்தில் நிற்கும். எனவே முதலில் பார்ப்பது, பிறகு கொல்வது.

செயல்முறைகளின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பமைப்பில், செயல்முறையின் எண்ணைக் கொண்ட கோப்புறைக்குப் போனேன். ஸ்டேட்டஸ் கோப்பில் நிலை 'ஸ்லீப்பிங்' என்று இருந்தது. இந்த ஒரு சொல்லே பாதி ஐயங்களைத் தீர்த்தது. 'ஸ்டாப்ட்' என்று இருந்திருந்தால், நிறுத்திய நிலையிலேயே விட்டுவைக்கும் விருப்பத்தோடு மீட்டெடுத்திருக்கிறோம் என்றோ, பின்னணியில் இருந்துகொண்டு முனையத்தைத் தொட முயன்று சிக்னல் வாங்கியிருக்கிறது என்றோ பொருள். தொடரும் சிக்னல் ஒன்றை அனுப்பிப் பார்க்கலாம். 'டிஸ்க் ஸ்லீப்' என்றால் வட்டையோ வலைக் கோப்பமைப்பையோ சோதிக்க வேண்டும். அதே கோப்பில், இதை வேறு ஏதாவது செயல்முறை பின்தொடர்கிறதா என்று காட்டும் வரியில் சுழியம் இருந்தது. அதாவது கிரியு தன் பிடியை முழுவதுமாக விட்டுவிட்டது. தன் வேலைக்காக அது உள்ளே நுழைத்த ஒட்டுண்ணி நிரல் எதுவும் மிச்சமாகச் சிக்கி நிற்கவில்லை.

அடுத்து அதே கோப்புறையில் உள்ள சிஸ்கால் கோப்பு. செயல்முறை இப்போது எந்தக் கெர்னல் அழைப்பில் நிற்கிறது, என்னென்ன மதிப்புகளைக் கொடுத்து அழைத்தது என்பதை ஒரே வரியில் காட்டும். கெர்னல் அழைப்புகளைக் கண்காணிக்கும் ஸ்ட்ரேஸ் கருவி போலச் செயல்முறையைக் குறுக்கிடாது என்பதால் எப்போதும் இதைத்தான் முதலில் பார்ப்பேன். வரியின் தொடக்கத்தில் 232 என்று இருந்தது. 64 பிட் எக்ஸ்86 கணினியில் அது ஈபோல்-வெயிட் என்ற அழைப்பின் எண். நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் நிரல் அங்கே நிற்பது இயல்புதான். நண்பருடையதைப் போல, பைத்தானின் ஏசிங்க்ஐஓ நூலகத்தைக் கொண்டு எழுதிய எந்த நிரலும் சும்மா இருக்கும்போது அங்கேதான் இருக்கும். ஆனால் அந்த அழைப்பின் நான்காவது மதிப்பு, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மில்லி வினாடியில் சொல்வது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும் நிரலில் அது 3,00,000-ஐத் தாண்டவே கூடாது. பதினாறடிமானத்தில் இருந்ததை மாற்றிப் பார்த்தேன்: 165,37,12,408.

நூற்று அறுபத்தைந்து கோடி மில்லி வினாடி. 86,400 வினாடியால் வகுத்தால் 19 நாள், 3 மணி, 22 நிமிடம். நிரல் செத்துவிடவில்லை, சிக்கியும் இல்லை. 19 நாள் கழித்து விழிப்பதாக முடிவு செய்து நிம்மதியாக உறங்குகிறது!

உறுதிப்படுத்திக்கொள்ள ஸ்ட்ரேஸை ஒட்டினேன். ஒட்டும் அந்தக் கணத்தில் ஈபோல்-வெயிட் குறுக்கிடப்பட்டுத் திரும்பும்; பைத்தான் மீதி நேரத்தைக் கணக்கிட்டு மறுபடி அழைக்கும். புதிய அழைப்பில் இருந்த எண் பழையதைவிட ஏறக்குறைய 7 லட்சம் குறைவு. இடையில் போனது சுமார் 12 நிமிடம். எனவே அது குப்பையாகக் கிடந்த எண் அல்ல. ஒழுங்காகக் குறைந்துகொண்டு வரும் கெடு.

19 நாள் என்பது எங்கிருந்து வந்தது? கணினி எப்போதெல்லாம் இயக்கப்பட்டது, எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் லாஸ்ட் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். காலையில் அணைப்பதற்கு முன் கணினி 19 நாள் 4 மணி 14 நிமிடம் ஓடியிருந்தது. நிரலை உறைய வைத்தது அதில் கடைசிக் கால்மணி நேரத்தில். மாலையில் இயக்கி 41 நிமிடம் கழித்து மீட்டெடுத்தேன். 19 நாள் 3 மணி 22 நிமிடத்தோடு அந்த 41 நிமிடத்தைக் கூட்டினால் 19 நாள் 4 மணி 3 நிமிடம். உறைய வைத்த அந்தக் கால்மணி நேரத்துக்குள் விழுகிறது. எல்லாம் பொருந்திவிட்டது.

லினக்ஸில் மோனோடோனிக் கடிகாரம் என்று ஒன்று உண்டு. சுவர்க் கடிகாரத்தை யாராவது முன்னே பின்னே நகர்த்தினாலும், இணையத்தின் வழி நேரம் திருத்தப்பட்டாலும் இது தாவிக் குதிக்காது. முன்னோக்கி மட்டும் போகும். ஆகவே 'இவ்வளவு நேரம் கழித்து' என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நல்ல நூலகங்கள் வலியுறுத்துகின்றன. பைத்தானின் ஏசிங்க்ஐஓவும் அப்படியே செய்கிறது. ஆனால் இந்தக் கடிகாரம் கணினி இயங்கத் தொடங்கும்போது சுழியத்திலிருந்து புறப்படுகிறது. அணைத்து இயக்கினால் மறுபடி சுழியம். பின்னோக்கிப் போகாது என்ற வாக்குறுதி ஒரு இயக்கத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

நிரலின் நினைவகத்தில் 'கடிகாரம் 16,56,172 வினாடியைக் காட்டும்போது எழுந்திரு' என்ற வகையில் ஒரு குறிப்பு இருந்தது. உறைய வைத்தபோது அது 3 நிமிடத்துக்கும் குறைவான தொலைவில் இருந்த கெடு. மீட்டெடுத்த பிறகு கடிகாரம் 2,460 வினாடியைக் காட்டியது. நிரல் கழித்துப் பார்த்தது, 19 நாள் என்று வந்தது, படுத்துவிட்டது. நிரலின் கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. கிரியு நினைவகத்தை ஒரு பிட் கூட மாறாமல் திருப்பித் தந்திருந்தது. அந்த நினைவகம் நம்பியிருந்த கடிகாரத்தை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

ஸ்ட்ரேஸ் பதிவில் நேரத்தைக் கேட்கும் அழைப்பு ஒன்றுகூடத் தென்படாதது சிலரைக் குழப்பலாம். விடிஎஸ்ஓ என்ற பகுதியைக் கெர்னல் ஒவ்வொரு செயல்முறைக்குள்ளும் பொருத்தி வைக்கிறது. நேரம் அதன் வழியாகவே படிக்கப்படுகிறது. கெர்னலுக்குள் நுழைய வேண்டியதில்லை. எனவே ஸ்ட்ரேஸின் கண்ணில் அது படாது. கடிகாரச் சிக்கல்களைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சோதனையும் செய்தேன். நண்பரின் நிரலில், பயனர் சிக்னல் ஒன்றை அனுப்பினால் அதுவரை எத்தனை பதிவுகள் எடுத்திருக்கிறது என்று ஒரு வரி எழுதும் வசதி இருந்தது. அனுப்பியதும் மறுகணமே அந்த வரி பதிவுக் கோப்பில் வந்தது. நிகழ்வுகளுக்குக் காத்திருந்து வேலைகளை இயக்கும் நிகழ்வுச் சுழல் முழு நலத்தோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் அதன்பின் ஸ்ட்ரேஸில் வந்த காத்திருப்பு நேரம் வேறாக இருந்தது: 8,64,00,000. மிகச் சரியாக 24 மணி நேரம். ஏசிங்க்ஐஓவின் மூலநிரலில் ஒரே காத்திருப்பு ஒரு நாளைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். முதலில் பார்த்த பெரிய எண், உறைய வைத்தபோது நடந்துகொண்டிருந்த காத்திருப்பின் மீதி. அது இந்த வரம்பு பொருந்தும் இடத்தைத் தாண்டி, பைத்தானின் உட்பகுதியில் கணக்கிடப்பட்டது. சிக்னலுக்குப் பிறகு சுழல் புதிதாகக் கணக்கிட்டபோது வரம்பு வந்து நின்றது. அசையாத நிரலில் ஈபோல்-வெயிட் 8,64,00,000-உடன் நிற்பதை யாராவது கண்டால், கெடு ஏதோ ஒன்று ஒரு நாளுக்கு அப்பால் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்துக்கு இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, ஓடும் நிரலுக்குள் நுழைந்து பார்க்க உதவும் ஜிடிபி கருவியை ஒட்டி, நிரலுக்குள் ஒரு வரி பைத்தானை ஓட வைத்து, சுழலின் கெடுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணிலிருந்தும் வித்தியாசத்தைக் கழித்துவிடுவது. செய்யக்கூடியதுதான், நிரல் உடனே விழித்துக்கொள்ளும். நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் நிரலில் வேறெங்காவது இந்தக் கடிகாரத்தைப் படிக்கிறீர்களா என்று கேட்டேன். "வடிகட்டியின் ஒவ்வொரு படியிலும் படிக்கிறேன். போன படிக்கும் இந்தப் படிக்கும் இடையே போன நேரத்தை அதிலிருந்துதான் எடுக்கிறேன்" என்றார்.

எனக்கு உடனே வயிற்றைக் கலக்கியது. கெடுக்களை மட்டும் திருத்தி நிரலை எழுப்பியிருந்தால், முதல் படியிலேயே போன நேரம் என்ற இடத்தில் கழித்தல் 16 லட்சத்துச் சொச்சம் வினாடி நுழைந்திருக்கும். வடிகட்டி அதை மறுக்காது. வாங்கிக்கொண்டு, வாரக்கணக்கில் சேர்த்த மதிப்பீட்டை ஒரே நொடியில் சிதைத்திருக்கும். பதிவுக் கோப்பில் எல்லாம் இயல்பாக ஓடுவது போலவே தெரியும். நிரல் அசையாமல் நின்றது நமக்குக் கிடைத்த எச்சரிக்கை. விழித்துக்கொண்டு தப்பான கணக்கோடு ஓடியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ. மீட்டெடுத்த நிரல் நிற்கும்போது 'எப்படியாவது ஓட வைப்போம்' என்று அதன் உள்ளுறுப்புகளில் கை வைப்பதை நான் அதனால்தான் விரும்புவதில்லை. கடிகார மதிப்பு நினைவகத்தில் எங்கெல்லாம் எண்ணாகப் பதிந்து கிடக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் முழுமையாகச் சொல்ல முடியாது. வரிசைகளின் காத்திருப்பு, த்ரெட்களின் கெடு, நண்பர் எழுதிய வகுப்பின் ஒரு மூலை என்று அது பரவிக் கிடக்கும்.

எண்களைத் திருத்துவதற்குப் பதிலாகக் கடிகாரத்தையே திருத்துவதுதான் இரண்டாவது வழி. ஆண்ட்ரே வாகின், டிமிட்ரி சஃபோனோவ் இருவரும் எழுதிய டைம் நேம்ஸ்பேஸ் என்ற வசதி, 2020 மார்ச்சில் வந்த 5.6 கெர்னலில் சேர்ந்தது. வாகின் கிரியுவின் முதன்மைப் பராமரிப்பாளர்களில் ஒருவர். இந்தச் சிக்கலின் பொருட்டே பிறந்த வசதி இது. ஒரு குழுச் செயல்முறைகளுக்கு மட்டும் மோனோடோனிக் கடிகாரத்தையும், கணினி உறங்கிய நேரத்தையும் சேர்த்து எண்ணும் பூட்டைம் கடிகாரத்தையும் ஒரு குறிப்பிட்ட அளவு தள்ளி வைத்துக் காட்டும். கணினியின் மற்ற செயல்முறைகளுக்கு எதுவும் மாறாது. தள்ளி வைக்கும் அளவை, அந்த நேம்ஸ்பேஸுக்குள் முதல் செயல்முறை நுழைவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு இடையில் போட்டுவிட முடியாது.

கிரியு இதை வெகுநாளாகவே எதிர்பார்த்து நிற்கிறது. சேமித்த கோப்புகளை மனிதர் படிக்கும் வடிவில் காட்டும் கிரிட் என்ற துணைக் கருவியால் பார்த்தபோது, உறைய வைத்த நேரத்தின் இரண்டு கடிகார மதிப்புகளும் தனிக் கோப்பில் பத்திரமாக இருந்தன. மோனோடோனிக் இடத்தில் 16,56,000-ஐ ஒட்டிய எண். தேவையான தகவல் கையில் இருந்தும், 4.19 கெர்னலில் அதைப் போடுவதற்கு இடம் இல்லை. அதனால் கிரியு அந்தப் படியைத் தாண்டிப் போயிருந்தது.

டெபியன் 10-க்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் 5.10 வரிசைக் கெர்னல் கிடைத்தது. உறங்கிக்கொண்டிருந்த செயல்முறையைக் கொன்றேன். இங்கே ஒரு சிறு இடையூறு: சிக்னல் சோதனையில் நிரல் எழுதிய அந்த ஒற்றை வரியால் பதிவுக் கோப்பின் அளவு கூடியிருந்தது. பழைய அளவு கிரியுவின் கோப்புகளிலேயே பதிந்திருப்பதால், பதிவுக் கோப்பை அந்த அளவுக்கு வெட்டிச் சரிசெய்தேன். நிரல் அதன்பின் வேறு எதையும் எழுதியிருக்கவில்லை. பிறகு புதிய கெர்னலில் கணினியை இயக்கி, இந்த வசதி இருக்கிறதா என்று கிரியுவின் சோதனைக் கட்டளையால் கேட்டேன், இருக்கிறது என்றது. கெர்னல் மாறியதால் விடிஎஸ்ஓவும் மாறியிருக்கும். நிரலின் நினைவகத்தில் பழையது இருக்கும். கிரியு அதைக் கவனித்து, பழைய நுழைவாயில்களிலிருந்து புதியவற்றுக்குத் தாவும்படி ஒட்டுப் போட்டுவிடும். சிபியு அதேதான் என்பதால் அந்தக் கவலையும் இல்லை. வேறு சிபியுவுக்குப் போயிருந்தால், தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்து வைத்த வேகமான கட்டளைகள் புதிய சிபியுவில் இல்லாமல் நிரல் முறிந்து விழ வாய்ப்புண்டு.

மீட்டெடுத்தேன். பதிவுக் கோப்பைப் பார்ப்பதற்கு முன், ப்ராக்கில் டைம் நேம்ஸ்பேஸ் தள்ளி வைத்த அளவைக் காட்டும் கோப்பைத் திறந்தேன். மோனோடோனிக் வரியில் 16 லட்சத்து 55 ஆயிரத்துச் சொச்சம் வினாடி. சிஸ்கால் கோப்பில் அதே 232. காத்திருப்பு 3 நிமிடத்துக்கும் குறைவு. உறைய வைத்தபோது மீதி இருந்த அதே நேரம். அது தீர்ந்ததும் பதிவுக் கோப்பில் புதிய வரி விழுந்தது. குவிந்திருந்த கோப்புகளை நிரல் வரிசையாக விழுங்கத் தொடங்கியது. படிகளுக்கு இடையே போன நேரத்தை நண்பர் சரிபார்த்தார். எல்லாம் 300-ஐ ஒட்டியே இருந்தன.

இதே கோளாறு எதிர்த்திசையிலும் வரும். 2 நாள் ஓடிய கணினியில் உறைய வைத்த நிரலை 200 நாள் ஓடிய கணினியில், இந்த நேம்ஸ்பேஸ் இல்லாமல் மீட்டெடுத்தால், நிரலின் பார்வையில் எல்லாக் கெடுக்களும் ஒரே கணத்தில் காலாவதியாகிவிடும். இணைப்புகள் எல்லாம் நேரம் கடந்ததாக அறுபடும். மறுமுயற்சிகள் ஒன்றாகக் கிளம்பும். நிற்பதற்குப் பதில் வெறிபிடித்ததுபோல் ஓடும். வேர் ஒன்றுதான்.

மீட்டெடுத்த பிறகு அசையாமல் நிற்பதெல்லாம் கடிகாரத்தால் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நினைவகப் பக்கங்களைத் தேவைப்படும்போது மட்டும் கொண்டுவரும் முறையில் மீட்டெடுத்திருந்தால், அந்தப் பக்கங்களைத் தரும் பணிநிரல் இறந்துவிட்டால் செயல்முறை தொட்ட இடத்திலேயே நின்றுவிடும். அப்போது அது எந்தக் கெர்னல் அழைப்பிலும் இல்லாமல், கெர்னல் அடுக்கில் யூசர்ஃபால்ட் என்ற பெயரோடு தெரியும். டிசிபி வலை இணைப்புகளோடு உறைய வைத்தால், இடைப்பட்ட நேரத்தில் பாக்கெட்டுகள் வந்து இணைப்பைக் கெடுக்காதபடி கிரியு தீயரண் விதிகளால் பூட்டு போடும். அந்தப் பூட்டு நீங்காமல் தங்கிவிட்டால் நிரல் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.  இந்த இரண்டிலும் கெடு எண் அசாதாரணமாக இராது.

புதிய கெர்னலிலும் சுவர்க் கடிகாரம் மட்டும் தள்ளி வைக்கப்படுவதில்லை. நிரலின் பார்வையில் மோனோடோனிக் கடிகாரம் ஒரு நொடிகூடத் தவறாமல் தொடரும். சுவர்க் கடிகாரமோ ஒரு பகல் முழுவதையும் தாண்டிக் குதித்திருக்கும். நண்பரின் நிரலில் ஒவ்வொரு பதிவும் தன் நேரத்தைத் தானே சுமந்து வருவதால் அதனால் பாதகம் இல்லை. ஆனாலும் மின்தடை நேரத்துப் பதிவுகளுக்கு, போன நேரத்தைப் பதிவுகளின் சொந்த நேரமுத்திரையிலிருந்து எடுக்கும்படி நிரலை மாற்றிவிட்டார். வடிகட்டியின் நிலையை ஒரு கோப்பில் எழுதிப் படிக்கும் பகுதியையும் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.